நல்ல நேரம் எது?

"நேரம் சரியில்லை" என்னும் இரண்டு சொற்களைப்போல் இந்த நாட்டில் உழைப்பாளியை ஏய்த்த சொற்கள் வேறு இல்லை. விளைச்சல் பொய்த்தால் நேரம் சரியில்லை; வேலை கிடைக்காவிட்டால் நேரம் சரியில்லை; மகள் தேர்வில் தவறினால் நேரம் சரியில்லை! வாய்க்காலில் தண்ணீர் விட்டவன் யார், விடாதவன் யார் என்று கேட்கவேண்டிய இடத்தில், வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். வேலை கொடுக்கவேண்டியவன் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கவேண்டிய இடத்தில், சாதகக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னார்கள். படிக்கும் பிள்ளைக்கு விளக்கு இருந்ததா, இடம் இருந்ததா, ஓய்வு இருந்ததா என்று கேட்கவேண்டிய இடத்தில், பஞ்சாங்கத்தைப் புரட்டச் சொன்னார்கள். நாமும் புரட்டினோம். தலைமுறை தலைமுறையாகப் புரட்டினோம். பஞ்சாங்கத்தின் ஏடுகள் தேய்ந்தன. நம் வாழ்வின் ஏடோ எழுதப்படாமலே கிடந்தது!

வள்ளுவர் காலமறிதல் என்று தனி அதிகாரமே வகுத்தார். அது குறளின் 49-ஆம் அதிகாரம். செயலுக்குரிய காலத்தை ஆராய்ந்து தேர்வதையும், அது வரும்வரை பொறுத்திருப்பதையும், வந்ததும் விடாமற் பற்றுவதையும் பற்றி அங்கே பேசுகிறார். அந்தப் பத்துக் குறளிலும் இராகு இல்லை, கேது இல்லை, எமகண்டம் இல்லை! காலம் என்பது ஆய்ந்து ஆளவேண்டிய ஒன்று. அஞ்சி ஒடுங்கவேண்டிய ஒன்றன்று. இந்தத் தெளிவு நம்மிடம் இருந்தது. இடையில் வந்த இருளில் தொலைத்தோம்.

தொலைத்தது எவ்வளவு? கணக்குப் பார்ப்போமே! ஞாயிறு எழுவது முதல் மறைவது வரையுள்ள பகலை 8 கூறாக்கி, அதில் ஒரு கூறாகிய 1½ மணியை இராகு காலம் என்கிறார்கள். இன்னொரு 1½ மணியை எமகண்டம் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 3 மணி. வாரத்துக்கு 21 மணி. 12 மணிப் பகலில் கால்பங்கு! இத்தனைக்கும் இராகு என்பது ஒரு கோளே அன்று. திங்கள் செல்லும் பாதையும், ஞாயிறு செல்வதாக நம் கண்ணுக்குத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஒன்று. மண்ணும் இல்லை, நெருப்பும் இல்லை, எடையும் இல்லை, ஒளியும் இல்லை. அந்த வெறும் புள்ளிக்கு அஞ்சிப் பகலில் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்கு நல்ல செயலைத் தள்ளிப்போடும் வீடுகளை இன்றும் காண்கிறோம்.

பல்கலைக்கழகம் இதையெல்லாம் பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை 9 மணி முதல் 10½ வரை எமகண்டமாம். சனிக்கிழமை 9 முதல் 10½ வரை இராகு காலமாம். தேர்வு 10 மணிக்கென்று அறிவித்திருந்தால், அந்த இரண்டு நாளும் வினாத்தாள் விரிவது கெட்ட நேரத்தில்தான். படித்தவர் அந்தக் கெட்ட நேரத்திலேயே நன்றாக எழுதுகிறார். படிக்காதவருக்கோ புதன்கிழமை 10 மணியும் உதவுவதில்லை! தேர்வு மண்டபத்துக்குள் எமன் வரக் காணோம், கண்காணிப்பாளர்தான் வருகிறார்.

இவற்றை எண்ணவைத்தவர்கள் என் பழைய மாணவர்கள். ஆரணிப் பக்கத்தில், தறியோசை ஓயாத ஓர் ஊரில் நான் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலையில், என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்துக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் கூடுவார்கள். அரசியல் பேசுவார்கள், திரைப்படம் பேசுவார்கள், இதழ் படிப்பார்கள். பேச்சு ஓய்ந்ததும், ஒருவர் விடாமல் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள்: "எப்படிப் படிப்பது, டீச்சர்? நேரமே இல்லையே!"

அவர்களில் ஒருத்தி வேதியியல் இரண்டாம் ஆண்டு. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவளே. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு. கல்லூரியில் ஆங்கில வழி. இரண்டு தாள்களில் அரியர் விழுந்தது. விழுந்த செய்தி வீட்டுக்கு வருமுன் சோதிடர் வந்துவிட்டார்! ஏழரைச் சனி என்றார், படிப்பு ஏறாது என்றார், பரிகாரம் என்றார். தந்தை தறிக்காரர்; நல்ல மனிதர்; மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனாலும் அவருக்கும் கலக்கம் வந்துவிட்டது. என்னைத் தேடிப் படிப்பகத்துக்கே வந்தார்.

"டீச்சரம்மா, ஏழரை முடியறவரைக்கும் படிப்பு வராதாம். படிப்பை நிறுத்திட்டு, வந்த வரன்ல ஒண்ணைப் பார்த்துக் கல்யாணத்தை முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஐயா, படிப்புக்கு ஆகாத சனி, கல்யாணத்துக்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டேன்.

அவர் திகைத்தார், பிறகு சிரித்துவிட்டார். சிரிப்பு வந்த இடத்தில் சிந்தனைக்கும் இடம் உண்டு. அவருக்குப் புரியும் கணக்காகவே சொன்னேன். சனிக்கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு பிடிக்கிறது. 12 இராசிக்குப் பங்கிட்டால், ஓர் இராசிக்கு ஏறத்தாழ 2½ ஆண்டு. ஒருவருடைய இராசி, அதற்கு முன்னது, அதற்குப் பின்னது என மூன்றில் சனி இருக்கும் காலத்தைச் சேர்த்து ஏழரை என்கிறார்கள். அப்படியானால் எந்த நாளை எடுத்தாலும் 12 இராசிகளில் 3 இராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டே இருக்கவேண்டும். உலக மக்களில் ஏறத்தாழக் கால்பங்குப் பேர்! மருத்துவர்களில் கால்பங்கு, பேராசிரியர்களில் கால்பங்கு, அந்தச் சோதிடரைப்போன்ற சோதிடர்களிலும் கால்பங்கு! அவர்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டா உட்கார்ந்திருக்கிறார்கள்?

"அப்போ ஏன் டீச்சரம்மா பாஸாகலே?" என்று கேட்டார். அதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை கட்டத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. "ஒரு வாரம் பொறுங்கள். அவள் ஒரு நாளில் என்னென்ன செய்கிறாள், எவ்வளவு நேரம் செய்கிறாள் என்பதை ஒரு நோட்டில் எழுதட்டும். பிறகு பேசுவோம்" என்றேன்.

எழுதினாள். வாரத்துக்கு 168 மணி. அது அரசனுக்கும் அதுவே, ஆண்டிக்கும் அதுவே. அவள் எழுதிய கணக்கு இது: உறக்கம் 49 மணி. கல்லூரி 30 மணி. போக வரப் பேருந்தில் 12½ மணி. தறிக்கு ஊடைத்தார் சுற்றுவது நாளுக்கு 2 வீதம் 14 மணி. சமையல், தண்ணீர், பாத்திரம், துணி ஆகியவை நாளுக்கு 3½ வீதம் 24½ மணி. குளிக்க, உண்ண, உடுத்த 14 மணி. கூட்டினால் 144. மீதி 24 மணி.

இருபத்து நான்கு மணி! "நேரமே இல்லை" என்றவளின் கையில் ஒரு முழு நாள் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் ஓரிடத்தில் இல்லை. உடைந்த வளையல்போல் வாரம் முழுதும் சிதறிக் கிடந்தது. அடுப்பில் உலை கொதிக்கும்வரை பத்து நிமிடம். பேருந்து வரும்வரை கால்மணி. தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது, எழுந்துபோக இடமில்லாத ஒற்றை அறையில் ஒரு மணி. கைப்பேசியைத் தொட்டுத் தொட்டு எடுத்ததில் கணக்குக்கு வராத நிமிடங்கள். சிதறிய நேரத்தில் நூலை முறுக்கலாம்; நூலைப் படிக்க முடியாது!

அவள் தம்பியையும் எழுதச் சொன்னேன். அதே வீடு, அதே தறி, அதே 168 மணி. தறி வேலை அவனுக்கும் உண்டு. ஆனால் சமையல், தண்ணீர், பாத்திரம், துணி என்று எழுதிய வரிக்கு எதிரே அவன் போட்டிருந்தது வெறும் சுழி. அக்காளுக்கு 24½, தம்பிக்கு 0. இதையும் எந்தக் கோளா எழுதிவைத்தது? சனி அந்த வீட்டில் ஆணுக்கு ஒரு முகம், பெண்ணுக்கு ஒரு முகம் காட்டுகிறதா? இல்லை, தோழர்களே! நேரம் என்பது சொத்து. நிலத்தைப்போல், பொன்னைப்போல், அதையும் பங்கிடுகிறார்கள். பங்கிடும்போது பெண்ணின் பங்கைப் பிறர் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொண்டு அதற்கு விதி என்று பெயர் வைக்கிறார்கள்.

நேரத்தைப் பங்கிடுவதில் அரசுகளும் கைதேர்ந்தவையாக இருந்ததுண்டு. 1953-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைவுகூருங்கள். நாளுக்கு 5 மணியாக இருந்த பள்ளி நேரம் 3 மணியாகக் குறைக்கப்பட்டது. இரண்டு வேளையாகப் பள்ளி நடந்தால் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்பது அதன் மறுபாதி. உழவன் பிள்ளை ஏருக்கு, குயவன் பிள்ளை சக்கரத்துக்கு, எங்கள் தெருப் பிள்ளை தறிக்கு! இது குலக்கல்வி என்று பெரியார் முழங்கினார். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் களம் கண்டன. 1954-இல் இராசாசி பதவி விலக, காமராசர் அமைச்சரவை அத்திட்டத்தைக் கைவிட்டது. அந்தப் போராட்டம் பாடப்புத்தகத்துக்காக மட்டும் நடந்ததன்று. நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்காக நடந்தது! ஏழை வீட்டுப் பிள்ளையின் 2 மணியை எடுத்தால் அவன் தலைமுறையையே எடுத்ததாகும் என்பதை அன்றைய தலைவர்கள் அறிந்திருந்தார்கள்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வும் இதைத்தான் சொல்கிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1916-இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் கெடு முடிந்ததால், 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. அறிவு குறைந்தா திரும்பினார்? நேரத்தை வாங்கும் பொருள் தீர்ந்ததால் திரும்பினார். 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி. பட்டங்களைப் பெற்றார். கிடைத்த ஒவ்வொரு மணியும் யாரிடமிருந்து, எவ்வளவு இடர்ப்பட்டு வாங்கப்பட்டது என்பதை அறிந்தவரின் படிப்பு அது.

இன்று கதவு திறந்திருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுள்ளோர் தொகைக்கு உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இந்திய அளவில் 28.4 விழுக்காடு. இந்தக் கதவு காற்றில் திறந்ததன்று. 1921-இன் வகுப்புவாரி ஆணை முதல் 1951-இன் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வரை, அதற்குப் பின்னும், தோள்கொடுத்துத் தள்ளித் திறந்த கதவு. ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளை அரியரோடு வெளியே வந்தால், "நான் அப்போதே சொன்னேனே, இதுகளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்வதற்கு வாசலில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. ஆகவே படிக்கும் முறையை அறிவதும் நம் இயக்க வேலையே. அதைத் தனியாள் திறமை என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது.

முறை என்ன? மந்திரம் இல்லை, ஆய்வு இருக்கிறது. நினைவு என்பது நாமகள் நாவில் எழுதுவது என்று நம்பவைத்தார்கள். ஆண்டுக்கொரு நாள் புத்தகத்துக்குச் சந்தனம் பூசி அடுக்கிவைத்து, அன்று மட்டும் அதைத் தொடாதே என்றார்கள்! ஆனால் ஜெர்மானிய அறிஞர் எர்மன் எபிங்ஹாஸ், நினைவையும் அளக்கலாம் என்று துணிந்தார். பொருளற்ற அசைகளைத் தொகுத்து, தன்னையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டு, மனப்பாடம் செய்வதும் மறப்பதும் மீண்டும் மனப்பாடம் செய்வதுமாக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1885-இல் முடிவுகளை நூலாக்கினார். படித்து ஒரு மணி கழிந்ததும், மீண்டும் படிக்கும் வேலையில் பாதிக்கும் குறைவாகவே மிச்சமாயிற்று. ஒரு நாள் கழிந்ததும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மறதி சாபமன்று, எல்லோருக்கும் பொதுவான இயல்பு. அவர் கண்ட இன்னோர் உண்மைதான் மாணவர்க்கு அமுதம். ஒரே நாளில் 68 முறை ஓதியதால் கிடைத்த பயனை, மூன்று நாளுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியே அவரால் பெறமுடிந்தது. வேலை குறைந்தது, பயன் குறையவில்லை. தேர்வுக்கு முதல்நாள் இரவெல்லாம் கண்விழித்து உருப்போடுவோர் இந்தக் கணக்கை எண்ணிப்பார்க்கட்டும்!

இரண்டாவது உண்மை, அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவரில் ஒரு பிரிவினர் ஒரு கட்டுரையை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்தனர். இன்னொரு பிரிவினர் முதல் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று அமர்வுகளிலும் ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தனர். எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவர்கள் 40. எழுதிப் பார்த்தவர்கள் 61! இதில் வேடிக்கை என்னவென்றால், தமக்கே எல்லாம் நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம். பழகிய முகத்தை அறிவு என்று எண்ணிக்கொண்டார்கள். "நம்பிக்கையாக இருக்கிறது" என்பதை ஆதாரமாகக் கொள்ளாதே என்று பகுத்தறிவு சொல்வது கோயிலுக்கு மட்டும் பொருந்துவதன்று. உன் படிப்பு மேசைக்கும் அது பொருந்தும், தம்பி!

மூன்றாவது, உறக்கம். 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோர், இரண்டு மாணவர்களை வைத்து நடத்திய சிறு சோதனையில், படித்தபின் உறங்கியபோது மறந்தது குறைவு, விழித்திருந்தபோது மறந்தது மிகுதி என்று கண்டனர். பின்வந்த ஆய்வுகள் பலவும் உறக்கம் நினைவை உறுதிப்படுத்துகிறது என்பதை வலியுறுத்தியுள்ளன. ஆகவே அந்தப் பெண்ணின் 49 மணி உறக்கத்தில் ஒரு மணியும் எடுக்கக்கூடாது என்றேன். விளக்கை எரித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது வீரமன்று.

இந்த மூன்றையும் வைத்து அவளுக்கென ஒரு கால அட்டவணை எழுதினோம். நம் பழைய அளவையில் ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், ஒரு முகூர்த்தம். கல்லூரியில் ஒரு வகுப்பும் ஏறத்தாழ அவ்வளவே. "முகூர்த்தம் பார்க்காதே, நாள்தோறும் ஒரு முகூர்த்தம் படி!" என்றேன். விடியலில் 5 மணிக்கு எழுந்ததும் இரு நாழிகை, ஞாயிறு நீங்கலாக 6 நாளும். மாலை 7 முதல் 8½ வரை 5 நாள், படிப்பகத்தில். ஞாயிறு 3 மணி, அந்த வாரத்தில் படித்தவற்றை ஏடு பாராமல் எழுதிப் பார்ப்பதற்கு. மொத்தம் 15 மணி 18 நிமிடம்.

பேருந்தில் புத்தகம் விரித்தால் அவளுக்குத் தலை சுற்றும். வேண்டாம் என்றேன். "முந்தின நாள் வகுப்பில் கேட்டது என்ன? கண்ணை மூடி, முதலிலிருந்து உனக்கு நீயே சொல்லிப் பார். எங்கே தடுக்குகிறதோ அதை ஒரு சீட்டில் குறி. இறங்கியதும் புத்தகத்தில் பார்." பேருந்துக்கென்று எழுதிய 12½ மணி வெறும் பயணமாக இருந்தது, பாதிப் பாடமாயிற்று. இன்னொன்று, மொழி. வேதியியல் வினையை முதலில் தமிழில் தன் சொல்லால் சொல்லவேண்டும். ஏன் அப்படி நடக்கிறது என்று தாய்க்கு விளக்கும் அளவுக்குச் சொல்லவேண்டும். பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். புரிந்ததை மொழிபெயர்க்கலாம், புரியாததை எத்தனை முறை உருப்போட்டாலும் அது நாக்கில் நிற்கும், மூளைக்குப் போகாது.

அட்டவணை எழுதுவது எளிது. அதைக் காப்பதுதான் போர். முதல் போர் வீட்டுக்குள். அவள் தம்பி நாளுக்கு ஒரு மணி வீட்டு வேலையை ஏற்கவேண்டும் என்றேன். தண்ணீரும் பாத்திரமும் அவன் பொறுப்பு. "ஆம்பளைப் புள்ள பாத்திரம் துலக்கினா தெருவுல சிரிப்பாங்க" என்றார் தாய். "அம்மா, பாத்திரம் அவன் சாப்பிட்டதும்தானே? தின்பதற்கு வராத சிரிப்பு துலக்குவதற்கு மட்டும் ஏன் வரவேண்டும்?" என்று கேட்டேன். பையன் நல்லவன், மேடையில் பெண்விடுதலை பேசுபவன். மேடைக்குப் போகும் வழி சமையலறை வழியாகத்தான் என்பதை ஒப்புக்கொண்டான். அதில் அவளுக்கு வாரம் 7 மணி மீண்டது. 24 மணியோடு 7 சேர்ந்து 31. படிப்பு போக 15 மணி 42 நிமிடம் அவளுக்கே சொந்தம். விளையாட, சிரிக்க, தோழியோடு பேச, கதை படிக்க, ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார! ஓய்வு இல்லாத அட்டவணை பத்து நாள் நிற்காது. படிப்பாளி எந்திரம் அல்லள்.

இரண்டாவது போர் தெருவோடு. "வயசுப் பொண்ணு ராத்திரி படிப்பகத்துக்கா?" என்று வாய்கள் கேட்டன. கேட்கும் வாய்க்கு ஓர் அடக்கம் உண்டு: ஒருத்தி போனால் பேசும், நால்வர் போனால் பழகும். மூன்று பெண்களை உடன் சேர்த்தோம். ஒரு மேசையை அவர்களுக்கென ஒதுக்கினோம். வாரத்தில் இரண்டு நாள் நானும் அங்கேயே அமர்ந்து விடைத்தாள் திருத்தினேன். இளைஞர் மன்றத்தார் விளக்கை மாற்றினார்கள். 7 மணிக்குமேல் கேரம் பலகையை வெளித்திண்ணைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் ஆற்றிய சொற்பொழிவுகளிலெல்லாம் சிறந்தது அந்தக் கேரம் பலகையை நகர்த்தியது!

மூன்றாவது போர், கையிலேயே இருக்கும் பகையோடு. கைப்பேசி ஒரு கருவி. கருவிமேல் நமக்குப் பகையில்லை. அறிவை அள்ளித் தரவும் அதனால் முடியும். ஆனால் ஒன்றை நினைவில் வை. விலையின்றிக் காட்சி காட்டும் நிறுவனங்கள் நம் கண்ணை விளம்பரக்காரருக்கு விற்றுத்தான் வாழ்கின்றன. நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே சரக்கு. அன்று இராகு பகலில் 1½ மணியைத்தான் கேட்டது. இந்தப் புதிய இராகு இரவையும் சேர்த்துக் கேட்கிறது! எனவே படிக்கும் இரு நாழிகையும் அது அடுத்த அறையில் கிடக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு மனத்தை அடக்குவதைக் காட்டிலும், கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது எளிது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நவம்பர்த் தேர்வில் இரண்டு அரியரில் ஒன்றைக் கடந்தாள். மற்றொன்று ஏப்ரலில் போயிற்று. மூன்றாமாண்டில் அரியர் ஏதுமின்றி நுழைந்தாள். சோதிடர் கணக்குப்படி சனி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறதாம்! இருக்கட்டும், வாடகை கேட்காதவரை நமக்கென்ன? வரன் பேச்சு நின்றது. தந்தையார் இப்போது மகள் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறார்.

ஒருத்தி தேறியதை வைத்து முறை மெய்யாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். ஒருவன் பரிகாரம் செய்து தேறினான் என்று அவர்கள் சொன்னால் நாம் ஏற்போமா? ஒரு காக்கை உட்கார ஒரு பனம்பழம் விழுந்த கதை நமக்கும் ஆகாது. எபிங்ஹாஸ் முதல் எத்தனையோ பேர் மீண்டும் மீண்டும் சோதித்ததால் அந்த முறையை நம்புகிறேன். நாளை ஒருவர் இன்னும் சிறந்த சோதனை செய்து இது தவறு என்று காட்டினால், மாற்றிக்கொள்வேன். பஞ்சாங்கக்காரர் மாற்றிக்கொள்வாரா?

தோழர்களே! கடைசியாக உங்களைக் கேட்கிறேன். உங்கள் ஊர்ப் படிப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது? அங்கே நால்வர் அமர்ந்து எழுத ஒரு மேசை இருக்கிறதா? பெண்பிள்ளை ஒருத்தி தனக்கென ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்ள முடியுமா? துணிக்கடையில் பகலெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு மாலைக் கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு, ஞாயிறு மட்டுமாவது அங்கே அமைதி கிடைக்குமா? தலைவர்களின் பிறந்தநாளுக்குக் கொடி கட்டுகிறோம், நன்று. அந்தக் கொடிக்கம்பத்தின் கீழே ஒரு விளக்கு, இரவு 9 மணிவரை எரியட்டும். மூடநம்பிக்கையை எதிர்த்து ஆயிரம் சொல் பேசுவது ஒரு வேலை. முதல் தலைமுறைப் பிள்ளை ஒன்று அமைதியாகப் படிக்க நாளுக்கு இரு நாழிகை ஏற்படுத்திக் கொடுப்பது அதனினும் பெரிய வேலை.

தங்கையே! தம்பி! இன்றிரவு ஒரு தாளை எடு. 168 என்று தலைப்பில் எழுது. எங்கே போகிறது உன் வாரம் என்று மறைக்காமல் எழுது. மீதியைக் கண்டுபிடி, மீதி இல்லையென்றால், உன் பங்கை யார் எடுத்துக்கொண்டார் என்று கண்டுபிடித்துக் கேட்டு வாங்கு. உனக்கு நல்ல நேரம் எதுவென்று எந்தக் கோளும் எழுதிவைக்கவில்லை. அந்த இடம் வெற்றாகத்தான் இருக்கிறது. எழுது!